மினி 1000 எஞ்சின் அறைக்கு எந்த பெயிண்ட்? கிளட்ச் சிலிண்டருக்குக் கீழே உரிந்து வருகிறது

ஈசூன் மினி

வணக்கம். என்னிடம் 1978 மினி 1000 இருக்கிறது, 998 சிசி. சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான கார், ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். கிளட்ச் வேலைக்காக எஞ்சினை ஒர்க்‌ஷாப்பில் இறக்கியிருக்கிறோம். அடுத்த மாதம்தான் திரும்ப ஏற்றப் போகிறோம். எஞ்சின் அறை இப்படிக் காலியாக இருப்பது அபூர்வம் என்பதால், உள்ளே பெயிண்ட் வேலையையும் முடித்துவிட நினைக்கிறேன்.

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) நேர் கீழே பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கி உரிகிறது. அங்கே தகட்டில் துரு பிடித்திருக்கிறது. முன் பேனல் இணைப்புகளிலும் கொஞ்சம் துரு. மற்ற இடங்களில் பழைய பெயிண்ட் உறுதியாகத்தான் ஒட்டியிருக்கிறது.

கடையில் 600 டிகிரி தாங்கும் என்று ஒரு ஸ்ப்ரே டின்னைக் காட்டினார்கள். எஞ்சின் பக்கம் சூடு அதிகம் என்பதால் அதுதான் சரியா? இல்லை, காரின் வெளிர் பச்சையிலேயே சாதாரண ஸ்ப்ரே போதுமா? 2கே பெயிண்ட் அடி என்றும் சிலர் சொல்கிறார்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். முடிந்தவரை நானே செய்ய ஆசை.

காக்கி புக்கிட் பெயிண்டர்

தம்பி, 600 டிகிரி டின்னை வாங்காதீர்கள். அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கான, அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்கான பெயிண்ட். அந்த மாதிரி சிலிக்கான் பெயிண்ட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் இறுகும். எஞ்சின் அறையின் பக்கத் தகடுகள் 100 டிகிரியைத் தொடுவதே அரிது. அந்தச் சூட்டில் அது கடைசி வரை மென்மையாகவே இருக்கும், பெட்ரோல் நனைந்த துணியால் துடைத்தாலே வந்துவிடும்.

எஞ்சின் அறையில் பெயிண்டைக் கொல்வது சூடு இல்லை, மேலே சிந்துகிற திரவங்கள்தான். பெட்ரோல், எஞ்சின் ஆயில், கூலண்ட், எல்லாவற்றையும் விட மோசமானது பிரேக் ஆயில். உங்கள் கிளட்ச் சிலிண்டரிலும் அதுதான் இருக்கிறது. அதில் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைகால் (glycol) என்ற ரசாயனம் சேர்ந்தவை, பெயிண்ட் ரிமூவர் போலவே வேலை செய்யும். நீங்கள் சொல்லும் சுருக்கம் அதனால்தான்.

சாதாரண ஸ்ப்ரே டின் என்பது ஒற்றைக் கலவை. தின்னர் ஆவியாகிக் காய்கிறது, அவ்வளவுதான். மறுபடி பெட்ரோலோ தின்னரோ பட்டால் இளகிவிடும். 2கே என்பது பெயிண்டும் ஹார்டனரும் கலந்து ரசாயன முறையில் இறுகுவது. இறுகிய பிறகு பெட்ரோலும் ஆயிலும் எளிதில் ஒன்றும் செய்யாது. பிரேக் ஆயிலைக்கூட உடனே கழுவிவிட்டால் தாங்கும்.

என் கருத்து: கீழே எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), மேலே 2கே. மினியில் மேனிஃபோல்டு பின்பக்கம் ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி இருப்பதால் அந்த ஒரு இடம் மட்டும் மற்றதை விடச் சூடாகும். அதற்குப் பெயிண்டை மாற்ற வேண்டாம், அங்கே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைத்தால் போதும்.

தெம்பனிஸ் டட்சன்

பெயிண்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. அந்தச் சிலிண்டரின் சீலை மாற்றிவிட்டீர்களா? கசிவு அப்படியே இருந்தால் எந்த பெயிண்ட் அடித்தாலும் சில மாதங்களில் இதே நிலைதான்.

டாட் 5 சிலிக்கான் ஆயிலுக்கு மாறினால் பெயிண்டுக்கு ஆபத்து இல்லை என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பழைய டாட் 4 உடன் அது கலக்காது. மாற்ற வேண்டுமானால் குழாய்களை முழுக்கச் சுத்தம் செய்து, சீல்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். பெடலும் கொஞ்சம் பஞ்சு மாதிரி ஆகலாம். பெயிண்டுக்காக மட்டும் அதைச் செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

பிடோக் மாமா

2கே ஒன்றுதான் வழி என்பதில்லை. சின்தெடிக் எனாமலைப் பிரஷ்ஷால் பூசினாலும் நன்றாக வரும். எங்கள் பழைய மோரிஸ் மைனரில் அப்படித்தான் செய்திருக்கிறோம். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, நல்ல பிரஷ், பொறுமை. கம்ப்ரெசர் வேண்டாம், பெயிண்ட் பூத் (ஸ்ப்ரே அடிக்கும் மூடிய அறை) வேண்டாம். எங்காவது கீறினால் அந்த இடத்தை மட்டும் தொட்டு விடலாம். பிரேக் ஆயிலைத் தாங்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மினியில் அது ஃபயர்வாலில் இருக்கிறது, அந்தப் பகுதிக்கு மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஈசூன் மினி

எல்லோருக்கும் நன்றி. சீல் செட் வாங்கியாகிவிட்டது, சிலிண்டரைக் கழற்றியிருக்கிறேன். மாமா சொன்ன பிரஷ் வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிரேக் ஆயில் படும் இடம் என்பதால் 2கே பக்கம்தான் மனம் போகிறது. டின்னின் அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் கலக்கும் 2கே ஸ்ப்ரே கிடைக்கிறதே, அதை வாங்கி வார இறுதியில் ஏதாவது திறந்த இடத்தில் நானே அடிக்கலாமா?

காக்கி புக்கிட் பெயிண்டர்

அது மட்டும் வேண்டாம். கண்டிப்பாகச் சொல்கிறேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தத் துளிகள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் மிகச் சிறிய அளவே போதும், மூச்சு இறுகிவிடும். அதற்கு வாசனையும் சரியாகத் தெரியாது, உள்ளே போவதை உணரவே மாட்டீர்கள். துணி மாஸ்க், மருத்துவ மாஸ்க் எதுவும் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் முறையானது. பெயிண்ட் பூத்தில் நாங்கள் அப்படித்தான் அடிக்கிறோம். திறந்த இடத்தில் அடித்தால் துளி பக்கத்து கார்களில் ஒட்டும், அந்தப் பக்கம் நடந்து போகும் பிள்ளைகளின் மூக்கிலும் போகும்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை வேறு, அதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. எல்லாத் தயாரிப்பையும் நீங்கள் செய்யுங்கள், ஸ்ப்ரேயை மட்டும் பூத் உள்ள கடையில் கொடுங்கள். செலவிலும் பெரும்பகுதி தயாரிப்புக் கூலிதான்.

முதலில் உப்புத்தாளைத் தொடாமல் கிரீஸை எடுங்கள். கிரீஸ் இருக்கும்போது தேய்த்தால் அதைத் தகட்டுக்குள்ளேயே ஏற்றிவிடுவீர்கள். டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி துடையுங்கள். பிரேக் ஆயில் பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், அந்த ஆயில் தண்ணீரில் கரையும். சுருங்கிய பெயிண்டை எல்லாம் சுரண்டி, துருவைப் பளபளக்கும் தகடு வரை எடுங்கள். உறுதியாக இருக்கும் பழைய பெயிண்டை முழுக்க உரிக்கத் தேவையில்லை, 320 உப்புத்தாளால் மங்கலாகத் தேய்த்தால் போதும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூசி காற்றில் பறக்கக் கூடாது.

தகடு தெரியும் இடத்தை அப்படியே ராத்திரி விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், காலையில் வந்து பார்த்தால் மெல்லிய துரு பூத்திருக்கும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் கடைசித் தேய்ப்பும் எபாக்சியும் ஒரே நாளில், மதியத்துக்கு மேல் நடக்கும்படி கடையில் பேசி வையுங்கள். பேனல் இணைப்புகளில் சீலர் போடுவது எபாக்சிக்குப் பிறகு, 2கேக்கு முன்.

தெம்பனிஸ் டட்சன்

மறைப்பு டேப் ஒட்டும்போது மூன்று இடங்களை விட்டுவிடாதீர்கள்: சேசிஸ் எண் தகடு, எர்த் வயர் பிடிக்கும் இடம், போல்ட் மரைகள். எண் மறைந்தால் வாகனப் பரிசோதனையில் தொல்லை. எர்த் இடத்தில் பெயிண்ட் ஏறினால் இன்னும் மோசம். ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், கேபிள் சுட்டுப் பழுக்கும்.

ஈசூன் மினி

தயாரிப்பு நான், ஸ்ப்ரே கடையில் என்று முடிவு செய்துவிட்டேன். நிறம் மட்டும் பாக்கி. எல்லாவற்றையும் கறுப்பாக அடித்தால் அழுக்கு தெரியாது என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

பிடோக் மாமா

கறுப்பு வேண்டாம் தம்பி. மினியை ஆலையில் உடல் நிறத்திலேயே எஞ்சின் அறையோடு அடித்து அனுப்பினார்கள். கிளாசிக் கார் என்று வைத்திருப்பவர் அதை மாற்றக் கூடாது என்பது என் எண்ணம். வெளிர் நிறத்தில் ஆயில் கசிவு அன்றைக்கே கண்ணில் படும். கறுப்பில் சிலிண்டர் காலியாகும் வரை தெரியாது. பளபளப்பாகவே அடிக்கச் சொல்லுங்கள். மங்கலான பூச்சில் கிரீஸ் உட்கார்ந்தால் துடைத்து எடுப்பது கஷ்டம்.

ஈசூன் மினி

சரி மாமா, வெளிர் பச்சையே. கடைசியாக ஒன்று: அடித்த எத்தனை நாளில் எஞ்சினை ஏற்றலாம்?

காக்கி புக்கிட் பெயிண்டர்

கை வைக்க மறுநாளே முடியும். முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள், ஹீட்டர் போட்டுக் காயவைக்கும் பூத் என்றால் இன்னும் சீக்கிரம். எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது தகட்டு ஓரங்களில் பழைய போர்வையைப் போடுங்கள். கிளட்ச் ஆயில் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது சிலிண்டரைச் சுற்றி ஈரத்துணி சுற்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி சிந்தினாலும் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.