புதுப்பிப்பு: மாவுக்கட்டு பிரித்தாயிற்று

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டதையும், பிசியோதெரபிஸ்ட் இடது கையால் பந்தை அழுத்தச் சொன்னதையும் 5 வாரம் முன்பு எழுதியிருந்தேன். "அடிபட்டது வலது, பயிற்சி இடதுக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்துதான் போயிருக்கிறது. ஆனால் காபி டம்ளரைப் பிடிக்க முடிகிறது! அழுகையே வந்துவிட்டது.

1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளரின் குழுவினர், ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கையும் வலுப்பெறுவதைக் கண்டிருக்கிறார்கள். சும்மா இருக்கும் கையில் தசை பெருப்பதில்லை. மூளையும் நரம்புகளும்தான் பழகிக்கொள்கின்றன. லேசாக அமுக்கினால் போதாது, பலத்தோடு அழுத்த வேண்டும்.

மணிக்கட்டு விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு வலது கையையே மடக்கிப் பழக வேண்டுமாம், இன்று காலை தொடங்கிவிட்டேன்.