புளி போன்சாய்: இரண்டு தண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். ஒன்றை வெட்டிவிடலாமா?

சத்துவாச்சாரி மாடி:

எல்லோருக்கும் வணக்கம். அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தும்போது தாத்தா காலத்துப் புளியமரம் ஒன்றை வெட்டினார்கள். அதன் கொட்டையை 2018ல் ஒரு பால் கவரில் போட்டு முளைக்க வைத்தேன். கன்று ஒரு சாண் உயரம் இருக்கும்போது ஆடு நுனியைக் கடித்துவிட்டது. கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துளிர்த்து இரண்டு தண்டாக வளர்ந்துவிட்டது. அப்புறம் தொட்டியோடு இங்கே மாடிக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது மண்ணிலிருந்து 5 செ.மீ. மேலே கவட்டை பிரிகிறது. இரண்டு தண்டும் என் கட்டைவிரல் பருமன், உயரம் 45 செ.மீ. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சின்ன வயதில் உண்டிவில்லுக்கு ஒடிப்போமே, அந்தக் கவட்டைதான் ஞாபகம் வருகிறது, மரம் என்றே தோன்றவில்லை. ஒன்றை அடியோடு எடுத்துவிடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு மனசே வரவில்லை. இரட்டைத் தண்டாகவே வைத்து அழகுபடுத்த வழி இருக்கிறதா, எத்தனை வருடம் ஆகும்? இன்னொன்று, போன சித்திரையிலிருந்து இலை நுனி எல்லாம் பழுப்பாகிக் கருகுகிறது, அது எதனால் என்றும் யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி அக்கா:

தம்பி, அடியோடு எடுக்காதீர்கள். ஆடு செய்தது நல்ல வேலை, அடியிலேயே பிரிந்த புளி கேட்டாலும் கிடைக்காது. ஜப்பான்காரர்கள் இந்த அமைப்பை சோகன் என்பார்கள், நாங்கள் பெரிய தண்டைத் தாய், சின்னதைச் சேய் என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் மரத்தில் இப்போது இரண்டு தாய் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஒரு தண்டு தடிப்பது அதன் தலையில் இருக்கும் இலையால்தான். எதை ஓட விடுகிறீர்களோ அது பருக்கும், எதைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறீர்களோ அது அப்படியே நிற்கும். அதனால் கத்தியால் ஒரே நாளில் வித்தியாசம் காட்ட நினைக்காமல், வளர்ப்பில் கொண்டுவாருங்கள். முதலில் எது தாய் என்று முடிவு செய்யுங்கள். மேல்மண்ணை விரலால் விலக்கி, எந்தத் தண்டின் கீழே வேர் நன்றாகப் பரவியிருக்கிறதோ அதைத் தாயாக வைத்துக்கொள்ளலாம். சேயை மாசிக் கடைசியில் 15 செ.மீ. உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். தாயைத் தொடவே வேண்டாம், இரண்டு மூன்று அடி போனாலும் போகட்டும். அசிங்கமாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டுத் தொட்டிக்கு இப்போது மாற்றவே கூடாது. பெரிய குரோ பேக்கில் போட்டால்தான் பருக்கும், சின்னத் தொட்டியில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

குறைந்தது மூன்று மழைக்காலம் இப்படியே போக வேண்டும். தாய் சேயைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தடித்தபின் அதையும் 20, 25 செ.மீ.யில் வெட்டி, புதுத் துளிர் ஒன்றைத் தலைவனாக ஏற்றுங்கள். அப்போதுதான் கீழே பருத்து மேலே போகப்போக மெலிகிற உருவம் வரும். கடைசியில் சேயின் உயரம் தாயில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும்.

தண்டை வளைக்கக் கம்பி கட்டுவதில் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தாய் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமே சேயும் வளைய வேண்டும், ஒரே காற்றில் வளர்ந்த இரண்டு மரம் மாதிரி. தாய்க்கு நேர் பக்கத்தில் சேயை நிறுத்தாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் ஆழம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்நோக்கி வருகிற கிளைகளைச் சின்னதிலேயே எடுத்துவிடுங்கள். மேலே இரண்டு தலையும் சேர்ந்து ஒரே குடையாகத் தெரிய வேண்டும். என்னிடம் இருக்கும் இரட்டைப் புளிக்கு இப்போது 14 வயது, அதில் குடை ஒன்று சேர்ந்தது போன வருடம்தான்.

குடியாத்தம் விவசாயி:

இலை நுனி கருகுவது தண்ணீரால் இருக்கலாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதிலும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும், போன்சாய்க்கு ஆகவே ஆகாது. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி மூன்று தடவை ஊற்றினால் படிந்த உப்பு இறங்கிவிடும்.

அப்புறம் நம்ம ஊர் கத்திரி வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை, 40 டிகிரியைத் தாண்டிவிடும். வெயில் புளிக்கு ஒன்றும் செய்யாது, தளத்தின் சூடுதான் வேரை வேக வைக்கும். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கத்திரி முடியும் வரை மதியத்துக்கு மட்டும் பச்சை நெட் போதும். மண்ணுக்கு நான் சலித்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, கொஞ்சம் பருமணல் போடுகிறேன். தண்ணீர் நிற்காது, சல்லிவேர் நிறைய விடும்.

ஆரணி இலைகள்:

அக்கா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. கவட்டை 5 செ.மீ. மேலே பிரிகிறது என்கிறார். இரட்டைத் தண்டு என்றால் மண்ணை ஒட்டிப் பிரிந்தால்தான் அழகு. 45 செ.மீ. மரத்தில் 5 செ.மீ. ஒன்றுமில்லை, ஆனால் தாயை 25க்கு வெட்டியபின் அதே 5 செ.மீ. பெரிதாகத் தெரியும். முதலில் அதைச் சரி செய்யுங்கள் சார். கவட்டைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வட்டமாக எடுத்து, வேர் ஊக்கி தடவி, அந்த இடம் மூடும்படி ஈரமான தேங்காய் நார்த்தூளும் மண்ணும் ஏற்றிவிடுங்கள், கிளையை வெட்டாமல் மரத்திலேயே வேர் விட வைக்க விண்பதியம் போடுவோமே, அதே முறைதான். ஆடியில் ஆரம்பித்தால் மழை கைகொடுக்கும். புது வேர் வந்தபின் பழைய அடியை அறுத்துவிடலாம். புளியில் ஒவ்வொரு முறையும் பதியம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் வேரைக் கண்ணால் பார்க்காமல் அறுக்காதீர்கள். நான் அவசரப்பட்டு ஒன்றை இழந்திருக்கிறேன். எட்டு வருட மரம், இன்றும் வலிக்கிறது.

கம்பி கட்ட மோட்டார் காயில் கட்டுகிற கடையில் அலுமினியக் கம்பி எடை போட்டு வாங்கலாம். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும். புளி பச்சையாக இருக்கும்போது சொன்னபடி வளையும், பட்டை பழுப்பாகிவிட்டால் டப்பென்று ஒடியும். தடித்த தண்டைக் கம்பி சுற்றி வளைக்கப் பார்க்காதீர்கள், பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்து அதன் மேல் கம்பியால் தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டி, வாரம் ஒரு முறுக்கு முறுக்குங்கள். மழை மாதங்களில் கம்பி பட்டைக்குள் இறங்குவது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும், பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அந்தச் சுருள் தழும்பு வருடக்கணக்கில் போகாது.

காட்பாடி அக்கா:

கவட்டை உயரத்தைப் பற்றி ஆரணிக்காரர் சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை. ஆனால் தம்பி, பதியமும் சேயை வெட்டுவதும் ஒரே வருடத்தில் வேண்டாம். வேர் இறங்குவதற்கே நிறைய இலை வேண்டும், தலையையும் வெட்டிவிட்டால் மரம் எதை வைத்து வேர் விடும்? இந்த ஆடியில் பதியம், அது பிடித்து ஒரு வருடம் தேறியபின் வெட்டு. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கவட்டை இடுக்கில் உதிர்ந்த சின்ன இலைகள் போய் அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி அழுகிவிடும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

சத்துவாச்சாரி மாடி:

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். குடியாத்தம் அண்ணா, நான் ஊற்றியது ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர்தான். நிறுத்தி மழைத் தண்ணீருக்கு மாறியபின் வந்த புது இலைகள் நுனிவரை பச்சையாக இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இரண்டு தண்டிலும் இலைகள் ஒன்றாக மடங்குவதைப் பார்க்க என் மகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

ஆடியில் பட்டை எடுத்தேன், கார்த்திகையில் மண்ணை விலக்கிப் பார்த்தால் வெள்ளையாக ஏழெட்டு வேர்கள், ஆனால் எல்லாம் ஒரே பக்கம். இன்னும் அறுக்கவில்லை. மறுபக்கமும் வேர் வரக் காத்திருக்கவா?

ஆரணி இலைகள்:

காத்திருங்கள் சார். வேர் வராத பக்கத்தில் பட்டை மறுபடி மேலும் கீழும் சேர்ந்திருக்கும், அதனால்தான் வேர் விடவில்லை. பங்குனியில் துளிர் வரும்போது அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து, சேர்ந்த பட்டையைக் கட்டை தெரியும்வரை சுரண்டி மறுபடி மூடுங்கள். வந்திருக்கிற வேர்களில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை வேர் தொட்டாலே ஒடியும்.