"20 சதவீதத்துக்குக் கீழே வேகம் இறங்கும்": இதை யார் அளந்து பார்த்தது?

அல்சூர் லைனர்:
"பச்சை குத்துற வயர்லெஸ் டாட்டூ பென்ல சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழ போனா வேகம் இறங்கும், கோடு நடுங்கும், கோடு போடுற லைனிங்குக்கு ஒயர் மெஷின்தான்"னு மேக்னம் மாமா நேத்து அருள்வாக்கு சொல்லியிருக்கார். லித்தியம் செல் முழு சார்ஜ்ல 4.2 வோல்ட், காலியாகும்போது 3 பக்கம். மோட்டாருக்கு அது நேரா போறதில்ல. நடுவுல வோல்டேஜை ஏத்திக் கொடுக்கிற பூஸ்ட் சர்க்யூட் இருக்கு. 8 வோல்ட் வச்சா கடைசிவரை 8 தரும், அப்புறம் பட்டுனு நிக்கும். இறங்காது.

மேக்னம் மாமா:
பாடத்துக்கு நன்றி வாத்தியாரே. 3 ஆர்எல்ல, அதாவது மூணு ஊசி வட்டக் கொத்துல, பூ போடுறவங்களுக்கு லோடுன்னா என்னன்னு தெரியாது. நிரப்புறதுக்கான அகல ஊசி, 15 கர்வ்டு மேக்னம் மாட்டி கருப்பு நிரப்பிட்டு வாங்க. ஸ்க்ரீன்ல 8 நிக்கும், சத்தம் இறங்கும். காது பொய் சொல்லாது.

அல்சூர் லைனர்:
ஓ, காதுதான் மீட்டரா! தோல்ல லோடு ஏறினா எந்த டிசி மோட்டாரும் சத்தம் இறங்கத்தான் செய்யும். ஒயர் மெஷினும்தான். கணக்கு இதோ: 8 வோல்ட்ல அரை ஆம்பியர், 4 வாட். பூஸ்ட்ல வீணாகிறதையும் சேர்த்தா 4.4. செல் 4.1ல இருந்தா 1.1 ஆம்பியர் இழுக்கும், 3.2க்கு வந்தா 1.4 ஆகும். திணறுறது செல்லு, மோட்டார் இல்ல.

மேக்னம் மாமா:
செல் பழசானா?

அல்சூர் லைனர்:
உள் எதிர்ப்பு ஏறியிருக்கும். லோடு விழுந்ததும் வோல்டேஜ் சரியும், பாதுகாப்பு சர்க்யூட் அணைச்சிடும். அணையறது வேற, வேகம் இறங்குறது வேற. எத்தனை தடவைங்க சொல்றது?

எஸ்பி ரோடு சால்டர்:
குரு, ஒயரையும் கொஞ்சம் பாருங்க. மெஷினுக்குக் கரண்ட் கொண்டு வர்ற மலிவு ஆர்சிஏ கேபிள் ஜாக் கழுத்துல மடிஞ்சு உள் இழை அறுந்து 1 ஓம் ஏறினாலே அரை ஆம்பியருக்கு அரை வோல்ட் காலி. மெஷினையும் பவர் சப்ளையையும் கழட்டிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம்ல வச்சு, ஒரு முனை நடுப் பின்னிலிருந்து மறுமுனை நடுப் பின்னுக்குத் தொட்டுக்கிட்டே கழுத்தை ஆட்டுங்க. எண் குதிச்சா அந்தத் துண்டை வெட்டிட்டு புது ஜாக் சால்டர் பண்ணுங்க. வெளி வளையத்துக்கும் இதே சோதனைதான்.

மேக்னம் மாமா:
இங்க் பின்னாடி ஏறாம தடுக்கிற மெம்ப்ரேன் இல்லாத ஊசி கார்ட்ரிஜும் ஓகேன்னு சொன்ன ஆளு கேபிளுக்கு ஆரோக்கியம் பார்க்கிறாரு. இங்க் பின்னாடி ஏறி ஊசியைத் தள்ளுற ட்ரைவ் பார்ல காயும், ரத்தமும் சேர்ந்து கிரிப்புக்குள்ள போகும். கிருமி நீக்குற ஆட்டோகிளேவ்ல மெஷினையா போடுவீங்க?

எஸ்பி ரோடு சால்டர்:
செயற்கைத் தோல்ல பயிற்சிக்கு மட்டும்னு எழுதியிருந்தேன். முழுசா படிக்கிற பழக்கம் இருந்தா தெரிஞ்சிருக்கும்.

புது ஊசி:
அண்ணா, லைனிங்குக்கு ஸ்ட்ரோக், அதான் ஊசி போய்வர்ற தூரம், 3.5 மி.மீ. எடுக்கவா, 4.0 எடுக்கவா?

அல்சூர் லைனர்:
தம்பி, கொஞ்சம் பொறு. 20 சதவீதம் முடியட்டும்.

மேக்னம் மாமா:
முடிஞ்சாச்சு. இறங்கும். போதாக்குறைக்கு பேட்டரி வால்ல உட்கார்ந்து எடையைப் பின்னாடி இழுக்கும். மணிக்கட்டு அதை முன்னாடி அழுத்திக்கிட்டே இருக்கணும். முழுக்கை வேலைக்கு அதைத் தூக்கிட்டு உட்காருங்க பார்ப்போம்.

அல்சூர் லைனர்:
எடைக்கு எப்போ தாவினீங்க? பெங்களூரு கரண்ட் கம்பெனி பெஸ்காம் கரண்ட்டை நிறுத்தினா ஒயர் மெஷினை விசிறியாவா வச்சுக்குவீங்க?

மேக்னம் மாமா:
யூபிஎஸ்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருப்பீங்க.

அல்சூர் லைனர்:
பேட்டரி கூடாதுன்னு சொல்லிட்டு யூபிஎஸ்ல ஓட்டுறாராம்! அதுக்குள்ள என்ன எலுமிச்சம்பழமா இருக்கு? சரி, அளக்கிற வழி இதுதான்: கழட்டி மாட்டுற பேட்டரி பேக்கா எடுங்க. மெஷினுக்கும் பேக்குக்கும் நடுவுல ஒரு இணைப்பை ரெண்டாக்குற ஆர்சிஏ பிரிப்பான் போட்டு, ஓடுறப்பவே மீட்டரை வைங்க. 80 சதவீதத்துல ஒரு தடவை, 15ல ஒரு தடவை. அதே மேக்னம், அதே செயற்கைத் தோல். மெஷின் சும்மா சுத்துறப்ப எடுத்த எண்ணை இங்க கொண்டு வராதீங்க.

மேக்னம் மாமா:
பிரிப்பான்லயே வோல்ட் விழும். அந்தச் சோதனை செல்லாது. 20க்குக் கீழ இறங்கும்.

அல்சூர் லைனர்:
இறங்காது.

எஸ்பி ரோடு சால்டர்:
"செயற்கைத் தோல்"னு நான் எழுதினது இன்னும் அங்கதான் இருக்கு. மாமா போய்ப் படிச்சுட்டு வந்து பேசட்டும்.