ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகு வேலையில்லாக் கால உதவி கேட்டவர்களின் அனுபவங்கள்

ஆம்பூரிலிருந்து:

ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் ஏழு வருடம் இருந்தேன். 2021இல் ஆர்டர் குறைந்தபோது எங்கள் லைனில் பதினொரு பெண்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். "நீங்களா எழுதிக் கொடுத்துட்டா ஒரே வாரத்துல செட்டில்மெண்ட் வந்துடும்மா, ஆர்டர் வந்ததும் கூப்பிட்டுக்கறோம்" என்றார் சூப்பர்வைசர். எழுதும் வேலைகூட இல்லை. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டோம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) சொன்னபடி வந்தது, பொய் சொல்லக்கூடாது.

அப்புறம்தான் இ.எஸ்.ஐ.யின், அதாவது நாம் சந்தா கட்டும் தொழிலாளர் காப்பீட்டின், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் பற்றிக் கேள்விப்பட்டேன். வேலை போனவர்களுக்குச் சராசரி நாள் கூலியில் பாதி, 90 நாள் வரை, ஆயுளில் ஒரு தடவை. என் கூலி 380. பாதி 190 என்றால் மொத்தம் 17,100 ரூபாய். மகளின் ஸ்கூல் ஃபீஸை அதிலேயே முடித்திருப்பேன்.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நின்ற காரணம் என்ற இடத்தில் 'லெஃப்ட் சர்வீஸ்'. "நீங்களா நின்னதா இருக்கேம்மா. ஆட்குறைப்புன்னு இருந்தா பார்க்கலாம். ராஜினாமாவுக்கு இது கிடையாது." நடந்ததைச் சொன்னேன். கம்பெனி திருத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார், பாவம்.

கம்பெனி எதற்குத் திருத்தும்? ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால், அப்போது இருந்த 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தரவேண்டியிருந்தது. கிராஜுவிட்டி வேறு, இது வேறு. எனக்கே 40,000 பக்கம் வந்திருக்கும். பதினொரு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அக்கா, நான் உண்மையாகவே ராஜினாமா செய்தவன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று 2022 செப்டம்பரில் சிப்காட் வேலையை விட்டேன். அந்தப் பணம் வராது என்று தெரியும், கேட்கவில்லை. ஆனால் வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. கார்டும் செல்லாது என்று நினைத்து, அம்மாவின் சுகர் மாத்திரையை ரெண்டு மாதம் வெளியில் வாங்கினேன். தண்டச் செலவு! ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை வைத்தியம் உண்டாம். அதற்கு முந்தைய அரையாண்டுச் சந்தா டிசம்பர் வரை தாங்கும். எப்படி நின்றோம் என்று யாரும் கேட்கவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

வேலையில்லாதவர்களுக்கான மாநில அரசின் உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கானது அது. டிகிரிக்கு மாதம் 600 ரூபாய். நான் வாங்கினேன், பஸ் செலவுக்கு ஆச்சு.

மறுபடி ஆம்பூர்:

தம்பி சொன்ன கார்டு விஷயம் எனக்கும் தெரியாமல் போச்சு. போன மாதம் நாத்தனார் மகளுக்கும் வேறொரு கம்பெனியில் இதே மாதிரி தாளை நீட்டியிருக்கிறார்கள். "அப்பாகிட்ட காட்டிட்டு வரேன் சார்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தாள் எங்கள் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து இதுவரை ரெண்டு தடவை போன்.