எஸ்.பி.எம். நெருங்குகிறது, படித்தவை தேர்வு மண்டபத்தில் மறந்துவிடுகின்றன

கேள்வி: படிவம் 5 மாணவி, ஜார்ஜ்டவுன்

வணக்கம். மலேசியாவில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கான முன்னோட்டத் தேர்வில் வரலாறு இரண்டாம் தாளைப் பிரித்ததும் என் கைகள் நடுங்கத் தொடங்கின. முதல்நாள் நள்ளிரவு தாண்டியும் படித்த மலாயன் யூனியன் பாடத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வீடு திரும்பிய பிறகோ எல்லாம் நினைவுக்கு வந்தது. வரலாற்றிலும் மலாய்மொழியிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது என்ற எண்ணம் இரவெல்லாம் வாட்டுகிறது. பாடநூலை மீண்டும் மீண்டும் வாசிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல்

அன்பு மகளே, 2020இல் நடைபெறாமல் போன, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது, 2022இல் படிவம் 3 மாணவர்களுக்கான பி.டி.3 தேர்வும் நீங்கியது. ஆகவே உன் வகுப்பினர் சந்திக்கும் முதல் அரசுத் தேர்வே எஸ்.பி.எம். தான். பன்னிரண்டு வயதிலேயே தேர்வு மண்டபத்தின் அமைதிக்குப் பழகிவிட்ட உன் அண்ணன்மாரோடு உன்னை ஒப்பிட்டு வருந்தாதே.

வாசிக்கும்போது பாடம் தெரிந்ததுபோல் தோன்றும். ஆனால் தேர்வில் வேண்டியது, நூலை மூடிவைத்த பின் நினைவிலிருந்து எடுத்து எழுதும் பழக்கம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதி, விடுபட்டதை மட்டும் மீண்டும் படி. வாரம் ஒருமுறை, கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் பார்த்து, தேர்வுக்குரிய முழு நேரமும் எழுந்திருக்காமல் எழுது. முதல்முறை மதிப்பெண் குறைவாகவே வரும், அதைப் பொருட்படுத்தாதே. உடல் அந்தச் சூழலுக்குப் பழகுவதே நம் நோக்கம்.

பதில் 2: மருத்துவ மாணவி, கோலாலம்பூர்

தங்கைக்கு, ஐயா சொன்னதோடு உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் படித்தது உறக்கத்தில்தான் மனத்தில் நன்கு பதிகிறது. இரவு பத்து மணிக்குக் குடித்த காப்பியின் காஃபினில் ஏறக்குறையப் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உடலில் இருக்கக்கூடும். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் அச்சங்களை எழுதிய பதற்றமுள்ள மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். எனக்கும் அது உதவியது.

பதில் 3: ஒரு தாய், பட்டர்வொர்த்

உணவு இறங்காமலோ வாழ்வே வேண்டாம் என்றோ தோன்றினால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதே, அம்மா. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அன்றே சொல். பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் தொலைபேசிச் சேவையில் 24 மணி நேரமும் செவிமடுக்க ஆள் உண்டு.

மாணவி:

அனைவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை காலை வரலாறு இரண்டாம் தாளை எழுதப் போகிறேன்; திங்களன்று அதைத் திருத்தித் தருமாறு என் ஆசிரியரைக் கேட்பேன்.