போலந்துக் குடும்பங்களின் லீக்: செத்த கட்சியா, செரித்த கட்சியா?

இளவேனில்:

போலந்து என்றதும் "அங்கே கத்தோலிக்கத் தேசியவாதத்தை யாரும் அசைக்க முடியாது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அவர்களுக்காக ஒரு பழைய கணக்கை எடுத்து வைக்கிறேன். 2001 மே மாதம் போலந்துக் குடும்பங்களின் லீக் என்ற கத்தோலிக்கக் கட்சி, தேசியவாதக் கட்சி, பதிவாகிறது. நான்கே மாதத்தில், நாடாளுமன்றக் கீழவையான செய்மின் 460 இடங்களில் 38 அதன் கையில். 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 15.92 சதவீதம், நாட்டிலேயே இரண்டாம் இடம். 2006இல் ஆட்சியில் பங்கு. தலைவர் ரோமன் கியெர்திக் துணைப் பிரதமர், கல்வி அமைச்சரும் அவரே. 2007 அக்டோபரில் 1.3 சதவீதம். அரசு மானியத்துக்குத் தேவையான 3 சதவீதம்கூடத் தேறவில்லை.

இத்தனைக்கும் தோருன் நகரத்துக் கத்தோலிக்க வானொலியான ரேடியோ மரியா தொடக்க ஆண்டுகளில் அந்தக் கட்சிக்காக இரவும் பகலும் உழைத்தது. பூசைக்குப் போகிறவர் வேறு, பூசையைக் காட்டி ஓட்டுக் கேட்பவருக்கு ஓட்டுப் போடுகிறவர் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பொருநைக்கரை:

சதவீதத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும். தலைகளை எண்ணுங்கள். 2001இல் லீக்குக்கு விழுந்த வாக்குகள் சுமார் 10 லட்சத்து 25 ஆயிரம். நீங்கள் மலைக்கும் அந்த 2004இல் 9 லட்சத்து 70 ஆயிரம். அதாவது, சதவீதம் இரட்டிப்பான தேர்தலில் வாக்கு குறைந்திருக்கிறது! அன்று வாக்களிக்க வந்தவர்களே 21 சதவீதத்துக்குக் குறைவு. மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். ரேடியோ மரியா நேயர்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள். 2005இல் 9 லட்சத்து 41 ஆயிரம். ஆக, எழுச்சி என்று நாம் பேசுவது எழுச்சியே இல்லை. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அசையாமல் நின்றார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பத்து லட்சம் பேர் 2007இல் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. ஆவியாகிவிட்டார்களா? அதே தேர்தலில் காச்சின்ஸ்கி சகோதரர்களின் சட்டமும் நீதியும் கட்சி ஆட்சியை இழந்தது. ஆனால் அதன் வாக்குகள் சுமார் 32 லட்சத்திலிருந்து 52 லட்சத்தை நெருங்கின. தோற்ற கட்சிக்கு 20 லட்சம் வாக்கு கூடுகிறது. ஆட்சியில் கூட்டாளிகளான லீக்கும் லெப்பரின் விவசாயிகள் கட்சியான சமோப்ரோனாவும் துடைத்தெறியப்படுகின்றன. இது சாவு இல்லை ஐயா, செரிமானம்.

அந்தோணி:

இருவருக்கும் ஒரு வேண்டுகோள். "கத்தோலிக்கக் கட்சி" என்ற அடைமொழியை இவ்வளவு தாராளமாகத் தராதீர்கள். 2003 ஜூன் பொது வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கூடாது என்று லீக் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ரோமுக்கு வந்த போலந்துத் திருப்பயணிகளிடம் "லூப்லின் ஒன்றியத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு" என்றார். 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றான வரலாற்றை நினைவூட்டி, இணையுங்கள் என்பதைத் தம் பாணியில் சொன்னார். முடிவு 77 சதவீதம் ஆதரவு. ஆக, திருத்தந்தைக்கு எதிர்ப்பக்கம் நின்ற கட்சியைக் கத்தோலிக்கக் கட்சி என்கிறீர்கள்.

ஆயர்களும் ஒரே குரலில் இல்லை. லூப்லின் பேராயர் ஷிச்சின்ஸ்கி ரேடியோ மரியாவை வெளிப்படையாகவே கண்டித்தவர். 2002இல் கர்தினால் கிளெம்ப், வார்சா பங்குக் கோயில்களில் இயங்கிய அந்த வானொலியின் அலுவலகங்களை மூடச் சொன்னார். அந்த வானொலியை நிறுவிய ரிட்சிக் அடிகளை வைத்துத் திருச்சபையை அளக்கக் கூடாது.

பொருநைக்கரை:

அந்தோணி ஐயா, மேடையில் நிற்பவர் கழுத்தில் சிலுவை தொங்கும்போது மேய்ப்பர் யார் என்று மக்கள் சான்றிதழ் கேட்பதில்லை. அதோடு, சிந்தனையின் வேர் எங்கே என்றும் பார்க்க வேண்டும். ரோமன் த்மோவ்ஸ்கியின் தேசிய ஜனநாயக இயக்கம்தான் இவர்களின் பாட்டன் வீடு. த்மோவ்ஸ்கி உயிரியல் படித்தவர். இளமையில் மதத்தைப் பெரிதாக எண்ணியவரும் அல்லர். 1927இல் அவரே, கத்தோலிக்கம் போலந்துத்தன்மைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய நிறம் அல்ல, அதன் சாரத்திலேயே இருக்கிறது என்று எழுதினார். இங்கே விசுவாசம் தேசத்தின் அடையாள அட்டையாகிவிடுகிறது. அட்டை இல்லாதவன் அந்நியன்.

இவர்கள் அகராதியில் அந்நியன் என்றால் யூதன். 1922 டிசம்பரில், சிறுபான்மையினர் பிரதிநிதிகளின் வாக்குகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதற்காகக் குடியரசுத் தலைவர் நருத்தோவிச்சுக்கு எதிராக இவர்கள் எழுப்பிய கூச்சலை நினைத்துப் பாருங்கள். பதவியேற்று ஐந்தே நாளில் அவர் ஓவியக் கண்காட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பதுகளில் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குத் தனிப் பெஞ்சு வேண்டும் என்று கலகம் செய்த அகில போலந்து இளைஞர் அமைப்பின் பெயரைத்தான் 1989இல் கியெர்திக் தூசு தட்டி எடுத்தார். வேறு பெயரா கிடைக்கவில்லை?

இளவேனில்:

அந்தக் குடும்பத்திலேயே ஒரு விந்தை உண்டு. ரோமனின் தாத்தா யென்ஜெய் த்மோவ்ஸ்கியின் தொண்டர். தந்தை மச்செய் மரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி, ஆனால் பரிணாமக் கோட்பாட்டை ஏற்காதவர். 2006இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எழுந்து ஸ்பெயினின் பிராங்கோவைப் புகழ்ந்தவர். அதே மச்செய் 1986 முதல் கம்யூனிஸ்ட் தளபதி யருசெல்ஸ்கியின் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்திருந்தார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். த்மோவ்ஸ்கிப் பள்ளிக்கு முதல் எதிரி ஜெர்மனி. ரஷ்யாவோடு எப்படியாவது காலம் தள்ளிக்கொள்ளலாம்.

கிராக்கோவில் குடியிருப்பவன்:

நான் இங்கே வாடகைக்கு இருப்பது நோவா ஹூத்தாவில். கடவுள் இல்லாத முன்மாதிரி நகரம் என்று கம்யூனிஸ்டுகள் எஃகு ஆலையோடு சேர்த்துக் கட்டிய பேட்டை. சிலுவையைப் பிடுங்க வந்தபோது 1960இல் இங்கே பெரிய கலவரமே நடந்தது. பிறகு மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிக் கட்டிய கோயிலை 1977இல் அபிஷேகம் செய்தவர் அன்றைய கர்தினால் வோய்த்திலா, பின்னாளின் இரண்டாம் ஜான் பால். இந்த ஊரில் விசுவாசம் என்பது போலீஸ் தடியை எதிர்த்து நின்ற நினைவும்கூட. அது தெரியாமல் த்மோவ்ஸ்கியை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

என் வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் ரேடியோ மரியா ஓயாது. கணவர் ஆலையில் வேலை பார்த்தவர், ஆள்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2002 வாக்கில் நாடு முழுக்க வேலையின்மை 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அம்மா சொன்னது: "யாரும் எங்களிடம் பேசவில்லை. அந்தப் பெட்டி மட்டும் பேசியது. செபமாலை சொன்னது, தொலைபேசியில் கூப்பிட்டால் நம் பேச்சையும் கேட்டது." 2001இல் அவர் லீக்குக்குத்தான் போட்டிருக்கிறார். யூதரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்மானியர் வந்து மேற்கு மாவட்டத்து நிலங்களை வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தைச் சொன்னார். அந்தப் பயம் வெறும் மனப்பிராந்தி அல்ல. அந்நியர் விவசாய நிலம் வாங்க 12 ஆண்டுத் தடையை அரசே பேரம் பேசி வாங்கியது.

2005இல் எதிர்க்கட்சித் தலைவர் டொனால்ட் டஸ்க் இத்தகைய பாட்டிகள் போடும் மொஹேர் கம்பளித் தொப்பியை வைத்து "மொஹேர் கூட்டணி" என்று நாடாளுமன்றத்தில் கேலி செய்தார். மறுநாளே அது நாடெங்கும் வசைச்சொல் ஆகிவிட்டது. அம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை. தொப்பியை இன்னும் போட்டுக்கொண்டுதான் போகிறார்.

பொருநைக்கரை:

அம்மாவின் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டுப் போட்டு அமைச்சரானவர் என்ன செய்தார்? ஆலையைத் திறந்தாரா? பள்ளிச் சீருடை கொண்டுவந்தார். எழுத்தாளர் கொம்ப்ரோவிச்சின் எழுத்தைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கப் பார்த்தார். அவருடைய துணை அமைச்சர் பரிணாமக் கோட்பாடே பொய் என்றார். மாணவர்கள் "கியெர்திக் போக வேண்டும்" என்று தெருவுக்கு வந்தார்கள். வயிறு காய்ந்தவர்களின் ஓட்டை வாங்கி வகுப்பறையில் வைத்துச் செலவழித்தார்.

அந்தோணி:

இதில் பொருநைக்கரையோடு முழுக்க உடன்படுகிறேன். என் வாதத்துக்கும் இதுவே ஆதாரம். திருச்சபையின் சமூகப் போதனையில் தொழிலாளர் கூலிதான் முதல் பாடம். அதைத் தொடாமல் சீருடையைப் பிடித்துக்கொண்டவரை எப்படிக் கத்தோலிக்க அரசியல்வாதி என்பது?

இளவேனில்:

அப்படியானால் என் முதல் பதிவே சரி என்றாகிறது. கட்சி தோற்றது, மக்கள் கைவிட்டார்கள்.

பொருநைக்கரை:

மறுபடியும் அதே இடத்துக்கே வருகிறீர்கள். 2001இல் லீக்கின் பட்டியலில் வென்ற அந்தோனி மச்செரேவிச், 2015இல் சட்டமும் நீதியும் அரசில் பாதுகாப்பு அமைச்சர். லீக் கனவு கண்ட கருக்கலைப்புக் கட்டுப்பாட்டை, லீக் இல்லாத 2020 அக்டோபரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் பெருமளவு தந்துவிட்டது. ரிட்சிக் அடிகள் குதிரையை மாற்றினார், பாதையை மாற்றவில்லை. "அல்லேலூயா, முன்னேறு!" என்ற அவருடைய முழக்கமும் மாறவில்லை.

அந்தோணி:

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கோயில்களின் கதி என்ன என்பதையும் சொல்லுங்கள். ஞாயிறு பூசைக்கு வருவோர் 2019இல் சுமார் 37 சதவீதம், 2021இல் 28. பெருந்தொற்றும் ஒரு காரணம்தான், எனக்குத் தெரியும். ஆனால் இளம்பெண்கள் கோயில் வாசலில் பதாகையோடு நின்ற காட்சி இதற்கு முன் போலந்தில் உண்டா? அரசியல் லாபம் அவர்களுக்கு, நட்டம் பங்குக்கு.

இளவேனில்:

சரி, 2004 கணக்கில் நான் சதவீதத்தைக் கண்டு ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு அங்குலமும் நகர மாட்டேன். கியெர்திக்கையே பாருங்கள். பிறகு வழக்கறிஞராகி, அந்த டஸ்க்கின் குடும்பத்துக்கே வாதாடினார். 2023இல் டஸ்க்கின் குடிமைக் கூட்டணிப் பட்டியலில், கியெல்ட்செ தொகுதியில், கடைசிப் பெயராக நின்று செய்முக்குள் வந்தார். தலைவரே கடையைக் காலி செய்துகொண்டு எதிர்வரிசைக்குப் போனபிறகு என்ன செரிமானம்?

பொருநைக்கரை:

தலைவர் எதிர்வரிசைக்குப் போனார், சரக்கு அதே தெருவில்தான் விற்கிறது. 2023 டிசம்பரில் செய்மில் ஏற்றிய யூத விளக்குகளைத் தீயணைப்பானால் அணைத்தாரே தீவிர வலதுசாரி கிரெகோஷ் பிரவுன், அவர் 2025 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் 6.3 சதவீதம் வாங்கி நான்காவதாக வந்தார். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வாக்கு. லீக் தன் உச்சத்தில்கூட வாங்காத எண்ணிக்கை.

கிராக்கோவில் குடியிருப்பவன்:

அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் என் வீட்டுக்கார அம்மா இல்லை. அவர் சட்டமும் நீதியும் கட்சி ஆதரித்த நவ்ரோட்ஸ்கிக்குப் போட்டார். பிரவுனுக்குப் போட்டவன் அவருடைய பேரன். ரேடியோ மரியா கேட்கிற பழக்கமே கிடையாது, எல்லாம் கைப்பேசியில்தான். ஈஸ்டருக்குக்கூட அவனை எழுப்பிக் கோயிலுக்கு அனுப்ப முடியவில்லை என்று அம்மா என்னிடம் வந்து அழுதார். விளக்கை அணைத்ததைப் பற்றிக் கேட்டேன். "அது தப்பு, விளக்கை எப்படி அணைப்பது?" என்றார்.