கைடு வெளியே போன பிறகு லேப்பில் என்ன நடக்கிறது?

எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்களின் புராஜெக்டுகளுக்குப் பல வருடமாக வழிகாட்டி வருகிறேன். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர் பக்கம் என்பதால் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். தோல் பதனிட உப்பு ஏராளமாகச் செலவாகிறது. அதனால் தண்ணீரில் உப்பிலிருந்து வரும் குளோரைடு எவ்வளவு என்று பார்க்காமல் முடியாது.

அதற்கான டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனையில், மஞ்சள் கரைசல் லேசாகச் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போது சொட்டுவிடும் குழாயான பியூரெட்டை மூட வேண்டும். வேறு கல்லூரியில் யுஜி முடித்து வந்த ஒரு மாணவி, சரியாக அந்த நேரத்தில் பிளாஸ்க்கை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மேடம், நிறுத்தட்டுமா?" வேலை சுத்தமாக இருந்தது, கணக்கும் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டே பழகியிருந்தாள்.

உளவியல் ஆய்வாளர்களான கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1939இல் வெளிவந்தது. முகமூடி செய்வது போன்ற கைவேலைகள். தலைவர்களில் மூன்று ரகம்: உத்தரவு போடுபவர், கலந்து பேசுபவர், போக்கில் விட்டுவிடுபவர். தலைவர் அறையை விட்டுப் போனதும் உத்தரவுக் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் அது பாட்டுக்கு நடந்தது. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்த முடிவுதான்.

அமிலத்தைத் தொடும் இடத்தில் இன்றைக்கும் என் வார்த்தைதான் சட்டம். கண்ணாடி போட்டே ஆக வேண்டும். ரீடிங்கைத் துண்டுச் சீட்டில் எழுதக் கூடாது, நேராக நோட்டில்தான். ஆனால் எந்தக் கிணறுகள் என்பதைக் கலந்து பேசித்தான் முடிவு செய்தோம். அதே பெண்தான் சொன்னாள்: "எங்க ஊர்ல குடிக்கறதை நிறுத்திட்டு, துணி துவைக்க மட்டும் வச்சிருக்கிற கிணறு ஒண்ணு இருக்கு மேடம்." குடிநீரில் குளோரைடுக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1000. அந்தக் கிணறு ஆயிரத்தையும் தாண்டியிருந்தது. புராஜெக்டே பிறகு அதைச் சுற்றித்தான் அமைந்தது.

டைட்ரேஷன் நேரத்தில் நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். ஒரே தண்ணீர் சாம்பிளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் எழுதலாம், இல்லாவிட்டால் மறுபடி.

பதில்: மேடம், மூன்றாவது ரகத்திடம் பிஎச்.டி. செய்தவன் நான். கைடு தங்கமான மனுஷர். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்ப்பா, பண்ணு" என்பார். முதல் வருடம் முழுக்கப் பேப்பர் படித்தே போனது, தலைப்பு மாறிக்கொண்டே இருந்தது. கரையேற்றியது லேப் சீனியர் அண்ணன்தான். சனிக்கிழமைதோறும் கூப்பிட்டு உட்கார வைத்து, "தப்பா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு கிராஃப் காட்டு" என்பார். இப்போது என் ஜூனியர்களுக்கும் முதல் வருடம் அதே சனிக்கிழமைதான். எழுதும் கட்டத்தில் நீங்கள் எப்படி மேடம்?

பதில்: முதல் டிராஃப்டில் வாக்கியத்தைத் திருத்த மாட்டேன் தம்பி, ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன். அட்டவணையில் ஒரு எண் இடித்தால் மட்டும் உடனே நோட்டோடு வரச் சொல்லிவிடுவேன்.